பண்ணைக்குக் குளியலறை வந்துவிட்டது, மதினி

என்னைத் திட்டாமல் ஒருநாளும் சோறு போடாத எங்கள் பாக்கியம் மதினிக்கு,

முதலில் ஒரு விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து அடுத்ததாக அங்கே வருகிறவர்கள் சொன்னால் கூட்டித்தான் சொல்வார்கள். நீங்கள் போன மறுவாரமே நான் உங்கள் நைட்டியைப் போட்டுக்கொண்டேன். அந்தப் பச்சைப் பூப்போட்ட நைட்டிதான். இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்கு மேலே, தலை வழியாக, முழுசாக.

வெள்ளச்சிக்காகத்தான் மதினி. நீங்கள் போன பிறகு அந்த ஆடு ஒருவரையும் மடியில் கைவைக்க விடவில்லை. மடி கட்டிப்போய் நாளெல்லாம் கத்தியது. என் பெண்சாதி ராணி போனாள், உதைத்தது. நான் போனேன், உதைத்ததோடு முட்டவும் செய்தது. கீழே கிராமத்திலிருந்து பண்ணைக்கு ஒத்தாசைக்கு வருகிற சோமாவதி அக்காதான், அதற்குப் பாக்கியத்தின் வாசம் வேண்டும் என்று சிங்களத்தில் பாதி தமிழில் பாதியாகச் சொன்னார். அண்ணன் அந்த நைட்டியைத் துவைக்க விடாமல் தலையணை உறைக்குள் வைத்திருந்தார். போய்க் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார்.

ரப்பர்ப் பாலும் பவுடரும் கலந்த உங்கள் வாசம் அதில் அப்படியே இருந்தது. ஆடு நின்றது. நானும் கறந்தேன். அந்த நேரம் பார்த்து மேல் பாதையில் போன கங்காணி, "குட் மோர்னிங் நோனா" என்று ஒரு பெண்ணுக்குச் சொல்கிற மரியாதையோடு சொல்லிவிட்டு நடந்தார். நான் பதில் சொல்லவில்லை. குரல் கேட்டால் ஆடு கண்டுபிடித்துவிடும்.

ஆனால் அது கண்டுபிடித்துவிட்டது. பாதிக் கறவையில் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தது. உதைக்கவில்லை, கத்தவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அந்தப் பார்வையை நான் இப்போது தினமும் இன்னொரு இடத்திலும் பார்க்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாளைக்குப் பண்ணையில் உங்கள் படத்தை மாட்டுகிறோம். அப்போது இதை எல்லாரும் கேட்க வாசிக்க வேண்டுமாம். உங்களைத் தெரியாதவர்களும் வருவார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையை உங்களிடமே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏழாம் வகுப்பு, நான் நாலாம் வகுப்பு. அதைச் சொல்லிக் காட்டாமல் எனக்கு என்றைக்குத் தேத்தண்ணி தந்தீர்கள்?

தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் ரப்பர்தான் பிழைப்பு. பால் வடிய ரப்பர் மரத்தின் பட்டையை விடியும்போதே வெட்ட வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். அதனால் இங்கே பெண்கள் இருட்டு விலகும் முன்னே மலை ஏறிவிடுவார்கள். வீட்டில் நடக்க முடியாதவர்களோ, புத்தி குழந்தையாகவே நின்றுவிட்டவர்களோ இருந்தால், லயத்து வரிசை வீட்டுக் கதவை வெளியே கொண்டி போட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். கெட்ட மனசில் யாரும் செய்யவில்லை. வேறு வழி தெரியவில்லை. நீங்களும் உங்கள் மகள் காவேரியை அப்படித்தான் வைத்துவிட்டுப் போனீர்கள். ஒருநாள் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து திறந்தபோது கதவின் உள்பக்கம் நகக்கீறலும் ரத்தமும் இருந்தது. அன்றோடு கொண்டியைப் பிடுங்கி எறிந்தீர்கள்.

தோட்டத்துத் துரையிடம் கேட்டுக் கேட்டு, சண்டை போட்டு, பாழாய்க் கிடந்த பழைய மாட்டுப்பட்டியை வாங்கினீர்கள். காவேரி வந்தாள். சர்க்கரை வியாதியில் காலை எடுத்த வேலு அண்ணன் வந்தார். கை நடுங்குகிறவர்கள், பேச்சு வராதவர்கள், புருசன் செத்ததிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் என்று வரிசையாக வந்தார்கள். காலையில் வந்து, ஆட்டுக்குக் குழை போட்டு, கோழிக்குத் தவிடு வைத்து, கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றி, மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீடு போகிற இடம். பண்ணை என்றால் அவ்வளவுதான். மருந்தும் இல்லை, டாக்டரும் இல்லை. ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கோழியைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அப்புறம் நீங்கள் காய்ச்சலோடு மரம் வெட்டப் போனீர்கள். சும்மா காய்ச்சல் என்றீர்கள். எலிக்காய்ச்சல் என்று தெரிந்தபோது கண் மஞ்சளாகிவிட்டது. ஏன் மதினி ஒருவரிடமும் சொல்லவில்லை? ஒருநாள் நின்றால் எங்களில் யார் உங்கள் மரங்களை வெட்டிக் கொடுத்திருக்க மாட்டோம்?

இப்போது காவேரியைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டுத் தாங்கிக்கொள்ளுங்கள்.

மத்தியானம் பெண்கள் பால் வாளியோடு இறங்கி வருகிற திருப்பம் தெரியுமே, பலா மரத்தடி. நீங்கள் தினமும் வாளி மூடியின் மேல் அவளுக்கு ஏதாவது வைத்துக்கொண்டு வருவீர்கள். காட்டு நெல்லி, வெரளுக்காய், ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒரு பூ. அவள் இன்னும் அந்த நேரத்துக்கு அங்கே போய் நிற்கிறாள். வருகிற ஒவ்வொரு பெண்ணின் வாளியையும் பார்ப்பாள். பிறகு முகத்தைப் பார்ப்பாள். பிறகு அடுத்தவள்.

முதல் சில நாள் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கடந்தார்கள். இப்போது எல்லாருமே மூடியில் ஏதாவது வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். காவேரி எடுத்துக்கொள்கிறாள். மடி நிறையக் காயும் பூவும் சேர்ந்துவிடுகிறது. ஆனாலும் முகத்தைப் பார்ப்பதை விடவில்லை. கடைசி ஆளும் போன பிறகு "ம்மா" என்பாள். அவளுக்கு வருகிற வார்த்தையே அதுவும் "தா"வும்தானே. நான் பகிடி பண்ணிப் பார்க்கிறேன், குரங்கு மாதிரிக் குதித்துக் காட்டுகிறேன். நீங்கள் சிரித்த அளவுக்குக்கூட அவள் சிரிப்பதில்லை.

இதற்கிடையில் நாங்கள் ஆம்பிளைகள் ஒரு காரியம் செய்தோம். உங்கள் நினைவாகப் பண்ணையைத் திருத்துவது என்று கூட்டம் போட்டோம். கூட்டத்தில் நாங்கள் மட்டும்தான் இருந்தோம், பெண்கள் மலையில் இருந்தார்கள். முதலில் என்ன செய்தோம் தெரியுமா? வளைவு. இங்கே திருவிழா என்றாலும் கல்யாணம் என்றாலும் வாசலில் வளைவு வைத்துவிட்டால்தானே எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. இரும்புக் குழாயில், மஞ்சள் பெயின்ட் அடித்து, "வருக" என்று எழுதி, நானே முன்னின்று செய்தேன். அப்புறம் ஆட்டுக்கொட்டகைக்கு நீலப் பெயின்ட். அப்புறம் ஒரு பாட்டுப் பெட்டி. காலையில் உடற்பயிற்சி நடக்க வேண்டும் என்று பதிவு செய்த குரல் ஒன்று வாங்கி வந்தோம். "எல்லாரும் குதியுங்கள்" என்றது பெட்டி. வேலு அண்ணன் கட்டையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்து, "எதக் கொண்டுடா?" என்றார்.

பெட்டியை அன்றைக்கே அணைத்துவிட்டோம். வளைவை மட்டும் தினமும் நின்று பார்த்துக்கொண்டேன். அழகாகத்தான் இருந்தது.

சித்திரை முடிந்த கையோடு அண்ணன் வந்தார். ரப்பர் ஸ்டோரில் ரோலர் மிசினில் நிற்கிற மனுசன், வேலை உடுப்போடு நேரே பண்ணைக்கு வந்தார். நானும் ராணியும் இருந்தோம். இரத்தினபுரிப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொள்கிற ஒரு இல்லம் இருக்கிறது, பேசிவிட்டேன், பௌர்ணமிப் போயாவுக்கு அடுத்த நாள் காவேரியைக் கொண்டுபோய் விடப்போகிறேன் என்றார். என்னைப் பார்க்காமல், கோழிகளைப் பார்த்துச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. பெற்ற பிள்ளையை அனுப்புகிறாயா என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் ராணியைப் பார்த்துத்தான் பேசினார்.

"நான் அப்பன்மா. வயசுப் புள்ள. மாசத்துல அந்த நாளு வந்தா எந்தக் கண்ண வச்சுக்கிட்டு நான் அதக் கழுவுவேன்? ரெண்டு மாசமா பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க கால்ல விழுறேன்."

அப்போதுதான் மதினி எனக்குத் தெரிந்தது, நீங்கள் என்னென்ன செய்திருக்கிறீர்கள் என்று. சில நாள் வெட்டைப் பாதியில் விட்டு மலையிலிருந்து ஓடி வருவீர்களே, கங்காணியிடம் ஏச்சு வாங்குவீர்களே, அது ஏன் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வேலைக் கள்ளி என்று பகிடி பண்ணியிருக்கிறேன். அவளைப் பீலிக்குக் கூட்டிப்போய், மலைத் தண்ணீர் கொட்டுகிற அந்தக் குழாயடியில் மற்றப் பெண்களோடு சேர்த்து நிறுத்தி, குளிப்பாட்டி, துணி மாற்றி விட்டுவிட்டு மறுபடி மலை ஏறியிருக்கிறீர்கள். பண்ணைக்கும் பீலிக்கும் இடையில் எத்தனை படி. ராணியும் முயன்று பார்த்திருக்கிறாள். அத்தனை படி இறக்க முடியாமல் வீட்டுக்குள் வாளித் தண்ணீரில் குளிப்பாட்டப் போய் காவேரியிடம் கடி வாங்கியிருக்கிறாள். இதெல்லாம் என் வீட்டில்தான் நடந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் வளைவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன்.

ராணி தவிட்டுச் சட்டியைக் கீழே வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஊரே பாக்க வளைவு கட்டுனீங்களே, அந்த வளைவுக்குப் பின்னாலயா புள்ள குளிக்கும்?"

இந்த வாய்க்கு, மதினி, அன்றைக்குப் பதில் வரவில்லை. நீங்கள் இருந்து பார்த்திருக்க வேண்டும். எத்தனை வருசம் காத்திருந்தீர்கள், நான் வாயை மூடுகிற ஒரு நாளுக்கு.

ராணி அண்ணனிடம், "போயா வரைக்கும் பொறுங்க மாமா" என்று மட்டும் சொன்னாள். அண்ணன் தலையாட்டினார். நம்பிக்கையில் ஆட்டவில்லை. களைப்பில் ஆட்டினார்.

அதற்கப்புறம் மழை பிடித்தது. வைகாசி மழை இங்கே எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் நாள் சம்பளத்துக்குப் பேரும் இல்லை. மழைநாளில் பெண்கள் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகளைப் பண்ணைக்கும் அனுப்ப மாட்டார்கள். அதுக்கும் நீங்கள் லயம் லயமாகப் போய்ச் சத்தம் போடுவீர்கள். உங்களுக்கு வேலை இல்லாவிட்டால் அதுகளுக்கும் வேலை இல்லையா, அதுகளுக்குக் கோழி பார்க்க ஆசை இருக்காதா என்பீர்கள்.

இந்த மழையில் ராணி லயம் லயமாகப் போனாள். மறுநாள் காலையில் நான் குடையோடு பண்ணைக்குப் போனால், மலைக்குப் போகிற பெண்கள் முழுக்க அங்கே நிற்கிறார்கள். தலையில் உரச் சாக்கு, கையில் மண்வெட்டி. சோமாவதி அக்கா, வீடு கட்டி மிஞ்சிய சீமெந்தைப் புருசன் தலையில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "சிரமதானம், கூலி வேணாம்" என்றார் என்னிடம், வேறு விளக்கம் வேண்டுமா என்கிற மாதிரி.

குளியலறை எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். சக்கர நாற்காலி நுழைகிற அகலத்தில் வாசல். உட்கார்ந்து குளிக்கத் திண்டு. எட்டுகிற உயரத்தில் தண்ணீர்க் குழாய். மாற்றுத் துணி நனையாமல் மாட்ட ஓர் ஆணி. பிடித்து எழும்பச் சுவரோடு கம்பி. கம்பிக்கு எங்கே போவது என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

என் வளைவை என் கண் முன்னால் பிடுங்கினார்கள் மதினி. நானே அறுத்துக் கொடுத்தேன். மஞ்சள் பெயின்ட் இன்னும் போகவில்லை. கைப்பிடியில் ஓர் இடத்தில் "ரு" என்ற எழுத்து இருக்கிறது.

சும்மா சொல்லக் கூடாது, பெண்கள் அதோடு நிற்கவில்லை. மழை விடாத நாட்களில் இடுப்பு உயரத்துக்குக் கீரைப் பாத்தி கட்டினார்கள். இப்போது வேலு அண்ணன் கதிரையில் உட்கார்ந்தபடியே களை பிடுங்குகிறார், பிடுங்காத நேரத்தில் என்னை ஏசுகிறார். பால் பிடிக்க மரத்தில் கட்டுகிற சிரட்டைகளைக் கழுவுகிற வேலையையும் பண்ணைக்குக் கொண்டுவந்தார்கள். சிரட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கிற ரப்பர்த் தோலை உரிப்பதில் காவேரியை அடிக்க ஆள் இல்லை. கிழியாமல் முழுசாக உரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள்.

ஆனால் குளியலறைக்குள் போக மாட்டேன் என்றுவிட்டாள். போயாவுக்கு முன் கடைசி நாட்கள். கூரை போட்டாகிவிட்டது, தண்ணீர் வந்துவிட்டது. ராணி அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். பிள்ளை அலறிய அலறல் மேல் லயம் வரைக்கும் கேட்டது. கதவைப் பிறாண்டியது. அண்ணன் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

எங்களுக்கு ஏன் தோன்றவில்லை? மூடிய கதவு அவளுக்கு என்ன என்று எல்லாருக்கும் தெரியுமே. பார்த்துப் பார்த்துக் கட்டிய பெண்களுக்கும் தோன்றவில்லை. அறை என்றால் கதவு வேண்டும், கதவு என்றால் சாத்த வேண்டும் என்று கட்டிவிட்டோம். அவள் பிறந்ததிலிருந்து தனியாகக் குளித்ததே இல்லை. பீலியடியில் பத்துப் பெண்களுக்கு நடுவில், சிரிப்பும் வம்புமாகக் குளித்த பிள்ளை.

ராணி வெளியே வந்து மற்றப் பெண்களிடம் ஏதோ சொன்னாள். பிறகு ஆம்பிளைகள் எல்லாரையும் ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கச் சொன்னாள். நின்றோம். மழை கொட்டியது. அதனால் நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டதைத்தான் சொல்கிறேன். குளியலறைக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வாசலில் சேலையைத் திரையாகக் கட்டியிருக்கிறார்கள். பெண்கள் எல்லாரும் பீலியில் மாதிரியே குறுக்குக் கட்டோடு உள்ளேயும் வெளியேயுமாக நின்றுகொண்டு ஒருத்திக்கு ஒருத்தி தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். காவேரியை யாரும் கூப்பிடவில்லை. அவள் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்து, ராணி தன் தலையைக் குனிந்திருக்கிறாள்.

முதலில் தண்ணீர்ச் சத்தம். பிறகு ராணி "ஐயோ குளிருதுடி" என்று கத்துகிற சத்தம். பிறகு ஒரு சிரிப்பு.

நானும் அண்ணனும் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். அவர் அசையவில்லை. கூரைத் தண்ணீர் தோளில் விழுந்துகொண்டிருந்தது, நகரவும் இல்லை. சிரிப்பு மறுபடி கேட்டது.

"அவ அம்மாவோட குளிக்கிறப்ப இப்படித்தான் சிரிக்கும். நான் லயத்துல இருந்து கேட்டிருக்கேன்" என்றார்.

  தோளில் விழுந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு அவரே பேசினார்.

"போயாவுக்கு மறுநாளு நான் லீவு சொல்லியிருந்தேன். வேலைக்கு வாறேன்னு ஸ்டோர்ல சொல்லிரு."

அவ்வளவுதான் சொன்னார். நீங்கள் கட்டிக்கொண்ட மனுசனைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? அதுக்கு மேல் பேசினால் அழுதிருப்பார். நான் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தேன், மழையில் தெரியவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் பொய் எழுத மாட்டேன். நேற்றும் அவள் பலா மரத்தடியில் நின்றாள். வாளியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். கடைசியாக வந்த ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளைத் தாண்டிப் பாதையைப் பார்த்து "ம்மா" என்றாள். அவளிடம் நான் என்ன சொல்ல மதினி? எப்படிச் சொன்னால் அவளுக்கு விளங்கும்? எனக்கே இன்னும் விளங்கவில்லையே. சோறு ஆறிப்போனால் இன்னும் உங்கள் வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுக்க வாயைத் திறக்கிறேன், பாதியில் நிறுத்திக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். காவேரிக்கு அந்த நாட்கள் வரும்போது மலையில் ஒருத்தி வெட்டுக்கத்தியை வைத்துவிட்டு இறங்குவாள். அவள் மரங்களை மற்றவர்கள் பங்கு போட்டு வெட்டிவிடுவார்கள். யாருக்குப் பிறகு யார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள், கங்காணிக்கும் சொல்லியாகிவிட்டது. நீங்கள் ஒற்றை ஆளாக ஓடிய பாதையில் இனி முறை வைத்து ஓடுவோம். ராணிக்குக் கால் ஓய்ந்தால் என் மருமகள் ஓடுவாள். இந்த லயத்தில் ஆள் இருக்கும்வரை உங்கள் பிள்ளை கொண்டி போட்ட கதவுக்குப் பின்னால் இருக்க மாட்டாள். இது நான் பகிடிக்குச் சொல்வதில்லை.

நேற்றுக் காலையில் குளியலறையை முறைப்படி திறந்தோம். சக்கர நாற்காலிக்குச் சரிவு இருந்தது, நடக்கிறவர்களுக்கு வாசல் படி ஒன்று குறைந்தது. அதை மட்டும் நான் தனியாகக் கட்டினேன், சீமெந்துக் கலவை எனக்குத் தெரியும் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். அண்ணன் வெள்ளை வேட்டி கட்டி, காவேரியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிள்ளையாரைக் கும்பிட்டார். உங்கள் பெயரைச் சொன்னார். தேங்காயைத் தலைக்கு மேல் ஓங்கிப் படியில் அடித்தார். தேங்காய் உடையவில்லை. படி உடைந்தது.

உங்கள் மகளுக்குச் சித்தப்பாவும்
உங்கள் ஒரே கொழுந்தனுமான
செல்லமுத்து